உங்கள் பாட்டை இன்னொருவர் பாடட்டும்: கொடைக்கானல் மேல்மலையில் பாட்டெழுதுவோர் கூடிய இரண்டு நாள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் போகும் சாலையில் ஓர் ஊர்ச் சமுதாயக் கூடம். உறைபனிக் காலத்தில் ஒரு சனி, ஞாயிறு. பழனி மலையின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்கள் இருபது பேர் போல அங்கே கூடினார்கள். அவர்கள் பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்ல மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பழனியைச் சேர்ந்த நாதஸ்வர வித்துவான். இன்னொருவர் வானொலியில் பல வருடம் மெல்லிசை பாடி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. மூன்றாமவர் சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் கீபோர்டு வாசித்துவிட்டு இப்போது வத்தலக்குண்டுப் பக்கம் குடியிருக்கும் இசையமைப்பாளர். நான் ஹார்மோனியம் வாசிக்கப் போயிருந்தேன். குறிப்பெடுக்கும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன். பாடியவர்களின் பெயர்களைப் போடவில்லை. பாட்டு வரிகளை அவர்கள் சம்மதத்தோடு போட்டிருக்கிறேன்.

எழுதக் காரணம் ஒன்றுதான். முதல் நாள் காலையில் கூட்டம் படுத்துவிட்டது. மதியத்துக்கு மேல் எழுந்து உட்கார்ந்தது. நடுவில் மாறியது ஒரே ஒரு விதி. வேறு ஊர்களில் இப்படிக் கூட நினைக்கிறவர்களுக்கு அந்த விதி கட்டாயம் உதவும்.

யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்

மலையில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பூம்பாறைத் தேர், ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. சீசனில் கேம்ப் ஃபயர் பக்கத்தில் கிதார் வாசித்துச் சம்பாதிக்கிற பையன்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கேட்கப்படுவதெல்லாம் சினிமாப் பாட்டு. சொந்தமாக எழுதியதை ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே, "தம்பி, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்க" என்று குரல் வரும். விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் பாடிக்காட்ட வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பாட்டுகள் நோட்டிலும் போனிலும் கிடக்கின்றன.

வந்தவர்களில் கேரட்டும் பூண்டும் ஏற்றும் ஜீப் டிரைவர் இருந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்கா, வருடா வருடம் தேருக்கு முருகன் பாட்டு எழுதும் விவசாயி, சர்ச் பாடகர் குழுவில் பாடும் பத்தொன்பது வயதுப் பெண், ராப் எழுதும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், தாண்டிக்குடிப் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி. மற்றவர்களும் இப்படித்தான், ஒவ்வொருவரும் ஒரு தொழிலிலிருந்து வந்தவர்கள். பாட்டை மட்டும் நம்பிப் பிழைப்பவர் ஒருவரும் இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் குறிஞ்சிப் பூ இருந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. இங்கே 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. வானொலி அம்மா ஒவ்வொருவரிடமும், "2018-ல நீங்க எங்க போய்ப் பாத்தீங்க?" என்று கேட்டார். வட்டக்கானல் பக்கம் பார்த்தேன், கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பார்த்தேன் என்று சிலர் சொன்னார்கள். பலர் பார்த்ததே இல்லை. பார்க்காத பூவைப் பாட்டில் வைக்கக் கூடாதென்று சட்டமில்லை. ஆனால் அது சுற்றுலா விளம்பரப் பலகையில் உள்ள பூ. சொந்தக் கண்ணால் பார்த்த கேரட் வயலும் உருளைக்கிழங்கு மூட்டையும் பாட்டில் வராமல் அந்தப் பூ மட்டும் வருவது எனக்கு வருத்தமாக இருந்தது.

முதல் நாள் காலை

முதலில் பாட வந்தது அந்தச் சர்ச் பெண். கிதாரை மடியில் வைத்து, தான் எழுதிய பாட்டைப் பாடியது. ஓட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரவு கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும் அம்மாவைப் பற்றிய பாட்டு. பல்லவி இது:

மூஞ்சிக்கல்லு ஸ்டாப்பில கடைசி பஸ்ஸும் போயாச்சு
அம்மா வர்ற வழியெல்லாம் ஓட்டல் லைட்டு அணைஞ்சாச்சு

பாடி முடித்ததும் கை தட்டினார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். பிட்ச் நிற்கவில்லை என்றார் ஒருவர். மெட்டு வெள்ளைக்காரன் மெட்டாக இருக்கிறது என்றார் இன்னொருவர். சோகம் அதிகம், அம்மா பாட்டென்றால் கொஞ்சம் பாசம் தூக்கலாக வேண்டும், பஸ் ஸ்டாப் பெயரெல்லாம் பாட்டில் எதற்கு, ஒரு எதுகை குறைகிறது, கிதார் கழுத்தில் மாட்டும் கேப்போவை ஒரு கட்டம் மேலே போடு. அரைமணி நேரம் ஓடியது. அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பெண் எழுதிய ஒரு வரியைத் திருப்பிச் சொல்லிப் பேசவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டியது. சாப்பாட்டு நேரத்தில் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு, இலையில் உட்காராமலே போய்விட்டது.

அடுத்துப் பாடியவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. எல்லோருக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் "சூப்பர், அருமை" என்றே சொன்னார்கள். வந்திருந்த மூன்று பேரும் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு எழுதியவர் கையில் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் கிடைக்கவில்லை.

பிட்ச் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அந்தப் பெண்மீது தப்பே இல்லை. சாப்பாட்டின்போது கீபோர்டு சார் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து கிதாரைச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. கூடத்திலோ விரல் மரத்துப்போகிற குளிர். குளிரில் உலோகக் கம்பி சுருங்கும், இழுவிசை கூடும், சுருதி மேலே ஏறும். நாதஸ்வரம், புல்லாங்குழல் மாதிரி காற்று வாத்தியங்களுக்கு நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் சுருதி கீழே இறங்கும், வாசித்து உள்ளே சூடு பிடித்தால்தான் மேலே வரும். பறையைப் போல தோல் கட்டிய வாத்தியமென்றால் மூடுபனி ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், தீயில் காட்டாமல் அடிக்க முடியாது. இதையெல்லாம் மலையில் வாசிக்கிறவர்கள் கையனுபவமாக அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று காலை ஹார்மோனியம் ஒரு சுருதி, ஏறிப்போன கிதார் ஒரு சுருதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாடியது அந்தப் பெண்ணின் தொண்டை. அதன் காதில் குறையே இல்லை. அதைக் கவனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் "பிட்ச் நிற்கவில்லை" என்ற தீர்ப்பு மட்டும் வந்தது.

விதி மாறியது

சாப்பாட்டுக்குப் பிறகு வித்துவான் ஐயா பேசினார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை. "எங்க வாத்தியார் நான் வாசிச்சதை நல்லாருக்குன்னோ நல்லால்லன்னோ ஒருநாளும் சொன்னதில்ல. நான் வாசிச்சதை அப்படியே திருப்பி வாசிப்பார். எங்க தப்புன்னு எனக்கே கேட்டுரும். அதையே இங்கயும் செஞ்சு பாக்கலாமே" என்றார்.

அப்படி வந்த முறை இது. எழுதியவர் முன்னுரை எதுவும் சொல்லாமல் ஒருமுறை பாட வேண்டும். "இது எங்க தாத்தாவ நெனச்சு எழுதுனது" என்ற பேச்செல்லாம் கிடையாது. அடுத்து, வரிகளைத் தாளில் வைத்துக்கொண்டு வேறொருவர் அதே பாட்டைப் பாட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். எழுதியவர் பென்சிலோடு உட்கார்ந்து, திருப்பிப் பாடுபவர் தடுமாறும் இடங்களில் கோடு போட வேண்டும். பிறகு தாளைப் பார்க்காமல், யாருக்கு எந்த வரி நினைவில் நின்றதென்று சுற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கருத்து. அதுவும் ஆளுக்கு ஒன்று, அதுவும் ஏதாவது ஒரு வரியைக் காட்டி.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. நடந்தபோதுதான் அதன் பலம் தெரிந்தது.

கொண்டை ஊசி

ஜீப் டிரைவர் தம்பியின் பாட்டு இப்படி ஆரம்பிக்கிறது:

மன்னவனூர் ரோட்டுல மேகம் வந்து மூடுது
முன்ன போற வண்டியோட லைட்டக் கண்ணு தேடுது

கூடத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அந்தச் சாலையில் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியில் வந்தவர்கள் அத்தனை பேரும் இந்த இரண்டு வரிக்குள் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சரணம் வேறு ஆள் எழுதியது போல இருந்தது:

வாழ்க்கையென்னும் பாதையிலே வளைவுகளோ ஏராளம்
தாண்டிப்போகும் மனிதனுக்குத் தைரியமே ஆதாரம்

இதை அவர் இரண்டு தாள வட்டத்துக்கு நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பாடினார். திருப்பி வாசிக்க வித்துவான் எடுத்தார். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நாக்கில் நனைத்து, ஹார்மோனியத்தோடு சுருதி பார்த்துக்கொண்டு, பல்லவியை அழகாக வாசித்தார். சரணத்தில் 'தாண்டிப்போ' வரைக்கும் வந்தார். 'கும்' வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வாத்தியத்தை இறக்கிக்கொண்டு, "தம்பி, எனக்கே மூச்சு பத்தல. நீங்க எப்படிப் பாடுறீங்க?" என்றார்.

"வண்டி ஓட்டும்போது பாடுவேங்கய்யா. கொண்டை ஊசியில ஸ்டீரிங்க ஒடிக்கையில தானா நின்னுரும். அடுத்த நேர் ரோட்டுல மறுபடி எடுத்துக்குவேன்."

கூடமே சிரித்தது. ஆனால் கீபோர்டு சார் சிரிக்கவில்லை. அவர் உடனே தாளத்தைத் தட்டி, கொண்டை ஊசி எந்த எழுத்துக்குப் பிறகு வருகிறதென்று கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, கையால் ஸ்டீரிங் ஒடித்தபடியே பாடிக் காட்டினார். 'பாதையிலே'க்குப் பிறகு ஒரு நிறுத்தம், 'ஏராளம்' முடிந்து ஒரு பெரிய நிறுத்தம். அந்த நிறுத்தங்கள்தான் பாட்டின் உண்மையான அமைப்பு. கூடத்தில் சபை முன்னால் பாடும்போது பதற்றத்தில் அவற்றை அவர் தின்றுவிட்டிருந்தார். பெரிய நிறுத்தத்துக்கு நாலு எண்ணிக்கை வெறுமையாக விட்டு மறுபடி பாடச் சொன்னார் சார். பாட்டுக்கு அப்போதுதான் சாலை வந்தது.

வரி நினைவுச் சுற்றில் எல்லோரும் பல்லவியைச் சொன்னார்கள். சரணத்தில் ஒரு வரியும் யாருக்கும் நினைவில்லை. சார் அதைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சரணத்தை யார் வேணாலும் எழுதலாம். பல்லவியை உங்களால மட்டும்தான் எழுத முடியும். வண்டியில என்ன லோடு ஏத்துவீங்க?" பூண்டு என்றார் தம்பி. எங்கே கொண்டுபோவீர்கள்? வடுகபட்டிக்கு. மேல்மலைப் பூண்டு பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குத்தான் இறங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் சந்தையில் மூட்டை பிரிக்கும்வரை என்ன விலை போகுமென்று ஏற்றி அனுப்புகிறவருக்குத் தெரியாது. தம்பி இதைப் பேச்சாகச் சொன்னார். சார் அதையே எழுதச் சொன்னார். மறுநாள் காலையில் வந்த சரணம்:

பூண்டு மூட்ட பின்னால, பொண்ணு கல்யாணம் முன்னால
வடுகபட்டி சந்தையில வெல என்னன்னு தெரியல

அது யார் வீட்டுக் கல்யாணமென்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிக்காக நான் அந்த மலையேறி வந்தது தகும்.

மேகம் தும்மிய கதை

அங்கன்வாடி அக்கா குழந்தைகளுக்கென்று எழுதிய பாட்டில் இரண்டு சிக்கல் இருந்தன, இரண்டும் ஒரே இடத்தில் தீர்ந்தன.

பாட்டு 'மலை மேல மேகம் போகுது' என்று தொடங்கியது. முதல் எழுத்து 'ம' நீண்ட ஸ்வரத்தில் விழுந்தது. வானொலி அம்மா திருப்பிப் பாடினார். அவருக்குப் பழகிய உச்சரிப்புச் சுத்தத்தோடு பாடியும், அந்த நீட்டலில் மலை 'மாலை' ஆகிவிட்டது. "குறிலை இழுக்காதீங்கம்மா. இழுக்கணும்னா அங்க ஒரு நெடிலை வைங்க. இல்லன்னா ஸ்வரத்தைக் குறைங்க" என்றார். மெட்டு போட்டுப் பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுகிறவை என்பதால், நீண்ட ஸ்வரத்தின் கீழே என்ன எழுத்து உட்கார்ந்திருக்கிறதென்று ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டும். மெய்யெழுத்துக்கும் அதே பரிசோதனை உண்டு. ம், ன், ல் வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். க், ட், ப் வந்தால் அங்கேயே கதவு சாத்திவிடும்.

அடுத்து வரி நினைவுச் சுற்று. பல்லவியை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது சரணத்தின் கடைசி வரியை எல்லோரும் சொன்னார்கள்:

ஸ்வெட்டர் போட்டு விடுங்க டீச்சர், மேகம் தும்மப் போகுது

அக்காவுக்கே ஆச்சரியம். அது இடம் நிரப்ப எழுதிய வரி என்றார். 'மேகம் தும்மப் போகுது' பல்லவிக்கு ஏறியது. மலை இரண்டாவது வரிக்கு இறங்கிக் குறுகிய ஸ்வரத்தில் சுருக்கமாக உட்கார்ந்துகொண்டது. நீட்டலுக்கு 'மே' என்ற நெடில் கிடைத்துவிட்டது. எது பல்லவி என்பதை எழுதியவர் முடிவு செய்திருந்தார். கேட்டவர்கள் வேறு முடிவு செய்தார்கள். இந்த விஷயத்தில் நான் கேட்டவர்கள் பக்கம்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். பாட்டு அக்காவின் குரலுக்குச் சரியாக இருந்தது, பிள்ளைகளுக்கு எட்டாது. சின்னப் பிள்ளைகள் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் சுகமாகப் பாடும், அதற்கு மேல் போனால் கத்தும். மேலே ஏறும் ஓர் இடத்தை மடக்கி இறக்கினார்கள். அக்கா அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாடிப் பார்த்துவிட்டு, மறுநாள் வந்து, "ரெண்டு பேரு நெசமாவே தும்முதுங்கய்யா" என்றார்.

யார் மெட்டு?

விவசாயி அண்ணன் கொண்டுவந்தது பூம்பாறை குழந்தை வேலப்பர்மீது பாட்டு. பாட்டு நன்றாக இருந்தது. மெட்டு ஊரறிந்த சினிமா மெட்டு. தேருக்கு அவர் எழுதும் பாட்டெல்லாம் அப்படித்தான், ஏதாவது ஒரு சினிமா மெட்டில் உட்காரும். ஊரில் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை.

வித்துவான் ஐயா அவரிடம் மெட்டை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. தாளை வாங்கி, வரிக்கு மேலே பென்சிலால் சந்தத்தை, அதாவது வரியின் ஓசை அளவை, எழுதினார்.

பூம்பாறை வேலவனே புன்னகை பூத்தவனே

இதற்கு மேலே, தாந்தான தானனனே தன்னன தாத்தனனே. பூம்பா என்று மெல்லினம் வருமிடத்தில் தாந்தா, பூத்த என்று வல்லினம் வருமிடத்தில் தாத்த. திருப்புகழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அச்சடித்திருப்பார்களே, அதே முறை. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பழனிக்கு எவ்வளவோ பாடியிருக்கிறார், பூம்பாறை முருகனையும் பாடியிருக்கிறார். பக்திக்காகப் படிக்கிற அந்தப் புத்தகம் பாட்டெழுதுகிறவனுக்குச் சந்தப் பள்ளிக்கூடம் என்றார் ஐயா. மெட்டுக்குப் பாட்டு எழுதுகிற இன்றைய கவிஞர்கள் இசையமைப்பாளரிடம் வாங்கிக்கொள்ளும் தத்தகாரமும், அதாவது சொல்லுக்குப் பதில் தன்னன தானன என்று சொல்லும் மெட்டளவும், இதன் வழியில் வந்ததுதான். சந்தத்தைத் தனியாக எடுத்துவிட்டால் பாட்டு பழைய மெட்டிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு அதை எந்த மெட்டிலும் உட்கார வைக்கலாம். அதே வரிகளைச் செஞ்சுருட்டி ராகத்தில், காவடிச் சிந்து போகிற, மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் வாசித்துக் காட்டினார். வரிகள் புதுசாகக் கேட்டன.

அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குங்கய்யா. ஆனா தேர் இழுக்கையில நான் எடுத்துக் குடுத்தா ஐநூறு பேரு சேர்ந்து பாடணும். சினிமா மெட்டுன்னா பாடிருவாங்க. இத யாருங்கய்யா பாடுவா?"

இதற்கு அங்கே யாரிடமும் பதிலில்லை. தேரடியில் அவர் கேட்பது நியாயம். ஆனால் அதே பாட்டை ஒலிப்பதிவு செய்து வெளியே விட்டால் மெட்டு அவருடையது இல்லை, அவருக்கு அதில் உரிமையும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. அவர் இரண்டு மெட்டையும் போனில் பதிந்துகொண்டு போனார்.

ராப் பையன்களிடம் எங்கள் விதி முழுசாகச் செல்லவில்லை. பெரியவர்கள் மூவராலும் அந்த வேகத்தில் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஒருவன் பாட்டை மற்றவன் சொன்னான். கேட்டுப் பழகிய வாய் என்பதால் தடுமாற்றம் ஒன்றும் வெளியே வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

பதிவு வேண்டாம் என்ற தம்பி

தாண்டிக்குடிப் பக்கத்துத் தம்பி தேன் எடுக்கப் போகிறவர்கள் பாடும் பழைய பாட்டோடு தானாகச் சில வரிகளைச் சேர்த்திருந்தார். பாடுவதற்கு முன், "பாட்டிகிட்ட கேக்காம யாரும் ரெக்கார்டு பண்ண வேணாம்ணே" என்றார். எல்லோர் போனும் ஒரு துணிப்பைக்குள் போயின. பாடினார். என் குறிப்பிலும் அந்த வரிகள் இல்லை, அதனால் இங்கேயும் இல்லை. கீபோர்டு சாருக்கு அந்த மெட்டு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வேலையில் பயன்படுத்தலாமா என்று கேட்டார். ஊரில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகத் தம்பி சொன்னார். பேச்சு அதோடு நின்றது, யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இரண்டு நாளில் நான் பார்த்ததிலேயே மரியாதையான பத்து நிமிடம் அது.

உரிமைப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. வானொலி அம்மாவுக்கு இதில் நல்ல தெளிவு இருந்தது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு வரி ஒரு படைப்பு, மெட்டு இன்னொரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. எழுதி முடித்தவுடனே உரிமை எழுதியவருடையது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடமும் நிற்கும். 2012-இல் வந்த திருத்தம் முக்கியமானது. சினிமாவுக்கோ ஒலிப்பதிவுக்கோ பாட்டைக் கொடுத்துவிட்டாலும், பின்னாளில் அது வேறு இடங்களில் பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சம பங்கு உண்டு. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் இதில் சேராது. அந்தப் பங்கை வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அப்படியொரு சங்கம். இதைக் கேட்டதும் ஒருவர், யூடியூப் சேனல்காரர் ஒருவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அம்மா அதைப் படித்துவிட்டு, வக்கீல் ஒருவரிடம் காட்டச் சொன்னார்.

இத்தனை விவரமும் தனிமனிதப் படைப்பாளிக்குப் பொருந்துகிறது. ஓர் ஊரே பல தலைமுறையாகப் பாடிவரும் தேன் பாட்டுக்கு எழுதியவர் என்று யார் பெயரைப் போடுவது? தம்பி பாட்டியைக் கேட்க வேண்டும் என்றது அந்த இடத்தில் சட்டத்தைவிட நன்றாகவே வேலை செய்தது.

அந்தப் பெண்ணின் பாட்டு

இரண்டாம் நாள் அந்தச் சர்ச் பெண் வந்தது. பாடகர் குழுவில் கூடப் பாடும் தோழி ஒருத்தி போய்ப் பேசிக் கூட்டிவந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தது. பாடச் சொன்னால் பாட மாட்டேன் என்றது. சரி, பாட வேண்டாம், தாளை மட்டும் கொடு பாப்பா என்றார் வானொலி அம்மா.

கிதார் இல்லாமல், ஹார்மோனியம் மட்டும் வைத்து, ஐந்து கட்டைச் சுருதியில் அம்மா அதைப் பாடினார். மெட்டில் பிசகே இல்லை. முதல் நாள் அதைக் குறை சொன்னவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். 'பஸ்ஸும்' என்ற இடத்தில் மட்டும் அம்மா தடுமாறினார். அங்கே மெட்டு நிற்கிறது, 'ஸ்' என்ற எழுத்திலோ குரலை நிறுத்த முடியாது, காற்றுதான் போகும். அந்தப் பெண் பின்வரிசையிலிருந்தே பென்சிலால் கோடு போட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "நிக்கிற எடத்தை 'போ'வுக்குத் தள்ளிட்டா வருமாம்மா?" என்று கேட்டது. அம்மா அப்படியே பாடினார். 'போயாச்சு' என்பதில் 'போ' நீண்டு நின்றபோது, போன பஸ்ஸின் தூரமும் அதில் வந்துவிட்டது.

வரி நினைவுச் சுற்றில் ஏழெட்டுப் பேர் மூஞ்சிக்கல் ஸ்டாப்பைத்தான் சொன்னார்கள். பஸ் ஸ்டாப் பெயர் பாட்டில் எதற்கு என்று முதல் நாள் கேட்டவரும் அவர்களில் ஒருவர்.

எது நடக்கவில்லை, அடுத்து என்ன

இந்த முறைக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. ஒரு பாட்டுக்கு அரைமணிக்குக் குறையாமல் ஆனது, சிலவற்றுக்கு முக்கால் மணி. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பாடும் வாய்ப்பே வரவில்லை. கிளாவரையிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு பெரியவர் இரண்டு நாளும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பாடாமலே திரும்பினார். அது சரியில்லை. ஒரு கூட்டத்துக்கு எட்டுப் பாட்டு போதும், மீதிப் பேர் கேட்பவர்களாக வரட்டும், அடுத்த முறை அவர்களுக்கு முதல் இடம் என்று ஏற்பாடு செய்தவர்கள் இப்போது முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் பெயர் பட்டியலில் முதலில் இருக்கிறது.

கருத்துச் சொல்ல வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று. மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்டதால்தான் பலன் வந்தது. வித்துவானுக்கு மூச்சும் சந்தமும் கேட்டன, அம்மாவுக்கு எழுத்தும் உச்சரிப்பும், சாருக்குப் பாட்டின் கட்டமைப்பும். மூன்று கீபோர்டு கலைஞர்களை அழைத்திருந்தால் இது நடந்திருக்காது. ராப் எழுதுகிற பையன்களுக்கு அந்த வகையில் அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும். பறை அடிப்பவர் ஒருவரும் வேண்டும், தாளத்தை உடம்பால் சொல்ல அவரைவிட ஆள் கிடையாது.

காலையில் முதல் அரைமணி நேரம் வாத்தியங்கள் கூடத்தின் குளிருக்குப் பழகவும் சுருதி சேர்க்கவும் ஒதுக்கப்படும். கிதார்காரர்கள் ஹார்மோனியத்தோடு சேர்த்துப் பார்க்காமல் யாரும் பாட ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்த கூடல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு. பறிப்பு நடக்கும்போது வைத்தால் எழுதுகிற பாதிப் பேர் தோட்டத்தில் இருப்பார்கள். தேன் பாட்டுக்காரத் தம்பி இடம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாட்டியையும் கூட்டிவர முயற்சி செய்கிறாராம், பாட்டி சம்மதித்தால் அன்று முதல் பாட்டு அவருடையது, போன்கள் பைக்குள்.